மூன்று படி சீலிங்

ரங்கூனில் வாடகைக்கு வீடு தேடிப் புறப்படுகிறவன் முதலில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு என்றால் இங்கே மாடிக் குடியிருப்புதான். இரண்டு பேர் கையை நீட்டி நின்றால் அகலம் முடிந்துவிடும். நீளம் மட்டும் ரயில்பெட்டி போலப் போய்க்கொண்டே இருக்கும். அதில் முதல் வகை 'ஹால் டைப்'. நாலு சுவர், சிமெண்டுத் தரை, பின்கோடியில் ஒரு குழாயும் கக்கூசும். முன்வாசலில் நின்று தும்மினால் பின்ஜன்னல் ஆடும். இரண்டாவது 'அறை பிரித்தது'. முன்னே குடியிருந்த யாரோ பிளைவுட்டை நிறுத்தித் தடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இந்த அறையில் இருப்பவருக்குத் தூக்கம் கலையும். மூன்றாவதுதான் ராஜ வகை, 'பியின்ஸின்பீ'. திருத்தி முடித்தாயிற்று என்று அர்த்தம். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வழவழ பெயிண்ட், மேலே ஜிப்சம் சீலிங், அதற்குள் ஒளிந்து எரிகிற விளக்கு. எதைத் திருத்தினார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

வீரப்பனுக்குச் சீலிங் போடுவதுதான் தொழில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கழுத்து வளைந்தவர். இவருக்கோ கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்து நின்றுவிட்டது. பொழுதெல்லாம் அண்ணாந்தபடி திருகாணி முடுக்குகிறவருக்குத் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட வராது. தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். கண்ணில் எப்போதும் ஜிப்சம் தூள் கரகரத்துக்கொண்டிருக்கும். பேச்சும் குறைவு. வாயைத் திறந்தால் தூள் உள்ளே போகும் என்று பழகிய பழக்கம், வீட்டிலும் தொடர்ந்தது.

அவர் பெண்டாட்டி ராதாமணி அதற்கும் சேர்த்துப் பேசுகிறவள். அம்மா பர்மாக்காரி, அப்பா தமிழர். கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசிக்கொண்டு, தமிழில் ஆரம்பித்துப் பர்மியில் முடிப்பாள். பசுந்தாங் மார்க்கெட்டைச் சுற்றியிருக்கிற மொகிங்கா கடைகளுக்கெல்லாம் அவள் போடும் பருப்பு வடைதான் போகிறது. மீன் குழம்பில் நனைத்த நூடுல்ஸ் மேல் அந்த வடையை நொறுக்கிப் போட்டால்தான் மொகிங்கா இறங்கும் என்பார்கள். விடியும் முன்னே பருப்பை ஆட்டி, கரண்ட் இருந்தால் கிரைண்டரில், இல்லாவிட்டால் கல்லில், கடைகள் திறக்கும்போது சூடாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். மகள் அனு லைங் தாயாவில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் காலர் வைத்துத் தைக்கிறாள். அவளுக்குத் தமிழ் காதோடு சரி, வாயில் பர்மிதான்.

இந்த மூன்று பேரும் பசுந்தாங்கில் ஒரு ஹால் டைப் வீட்டில் வெகுகாலம் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் சீலிங் போட்டவர் வீட்டில் அண்ணாந்தால் புகை பிடித்த சிமெண்டுதான் தெரியும். ராதாமணிக்கு இதில் ஆறாத குறை. அடுத்தவன் வீட்டில் என்னென்ன விதமாகப் போட்டார் என்று எப்போதாவது வாய் திறந்து சொல்வார், அதை வைத்தே அவளுக்கு வேலை அத்துப்படி. திருகாணித் தலை தெரிந்தால் அது வேலையில்லை. போர்டும் போர்டும் சேருகிற இடத்தில் விரலால் தடவினால் தட்டக் கூடாது. மூலையில் நிழல் நேராக விழ வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேலே பார்ப்பாள், பிறகுதான் மனுஷர் முகத்தைப் பார்ப்பாள்.

மாண்டலேயைப் புரட்டிப்போட்ட பூகம்பம் வந்தது. ரங்கூன் ஆடியதோடு சரி, விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் வீரப்பனுக்கு ஓய்வொழிச்சல் இல்லாமல் வேலை வந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கிற காண்டிராக்டர் அப்பாசாமி, இன்றைக்கு லான்மடாவ், நாளைக்கு லத்தா என்று டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக்கொண்டே இருந்தார். வீடிழந்த மாண்டலேக்காரர்கள் வாடகைக்கு இடம் தேடி வருகிறார்கள், எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டைத் திருத்துகிறார்கள் என்றார்.

பசுந்தாங் வீட்டுக்காரர் ஊ சான் மௌங் மழை தொடங்கிய மாதத்தில் ஒரு பை மங்குஸ்தானோடு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பழம் உரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், அனுவுக்குச் சம்பளம் கூடிற்றா என்று கேட்டார், எழுந்து போனார். மறுநாளும் வந்தார். முகதாட்சண்யத்தைப் பர்மியர்கள் 'ஆனா' என்பார்கள். அந்த ஆனாவில் மனுஷர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று ராதாமணிக்குப் புரிந்துவிட்டது. அவளே கேட்டாள். மாண்டலேயில் அவர் தங்கை வீடு தரைமட்டம். தங்கை குடும்பம் மடத்தில் கிடக்கிறது. இங்கே கூட்டிவர வேண்டும். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ராதாமணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, காலி செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகு வாய்விட்டு அழுதாள்.

வீடு தேடுகிற வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. வீரப்பன் அப்போது லைங் தாயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்குச் சீலிங் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார். வழியில் பட்டாளத்துச் சோதனை நடக்கிறது, கைபேசியைத் திறக்கச் சொல்லித் தடவிப் பார்க்கிறார்கள் என்று பயந்து, டச் போனை விற்றுவிட்டுப் பித்தான் போனுக்கு மாறிவிட்டிருந்தார். அதில் படம் வராது, குரல் மட்டும் வரும்.

புரோக்கர் சத்யபாமாவை ஊரே மா பாமா என்று கூப்பிடும். குடையும் கைப்பையும் சாவிக்கொத்துமாக அவள் முன்னே நடக்க, ராதாமணி பின்னே மாடி மாடியாக ஏறி இறங்கினாள். சில வீட்டுக்காரர்கள் இந்தியர் வேண்டாம் என்றார்கள். சிலர் வேண்டாம் என்று சொல்லாமல் வாடகையை ஏற்றிச் சொன்னார்கள். வடை போடுகிற சங்கதியைச் சொன்ன இடத்திலெல்லாம், எண்ணெய்ப் புகையில் வெள்ளைச் சீலிங் மஞ்சளாகிவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு வடையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஒன்றை மறைப்பார், குடிவருகிறவர் ஒன்றை மறைப்பார், இருவருக்கும் நடுவே புரோக்கர் சிரித்துக்கொண்டு நிற்பாள். எல்லா ஊரிலும் இப்படித்தானோ என்னவோ, ரங்கூனில் இப்படித்தான்.

லான்மடாவில் அந்த ஐந்தாம் மாடிக்கு ஏறியபோது ராதாமணிக்கு மூச்சு முட்டியது. மா பாமா கம்பிக் கதவை இழுத்துத் திறந்து விளக்கைப் போட்டாள். நல்ல நேரம், கரண்ட் இருந்தது. ராதாமணி மேலே பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். முன்னறை முழுக்க வெள்ளைச் சீலிங். பால்கனிப் பக்கமாகக் குறுக்கே ஓடுகிற பட்டையைப் படிப்படியாக மூன்று படி இறக்கி, ஒவ்வொரு படிக்குள்ளும் விளக்கு வைத்திருந்தது. ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, சேர்மானத்தை விரலால் தடவினாள். தட்டவில்லை. திருகாணித் தலை ஒன்றுகூடத் தெரியவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ராதாமணி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. சீலிங்காரன் பெண்டாட்டி அல்லவா, வேலையைப் பார்த்து வீட்டை எடை போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்தாள்.

"ஏங்க, வீடு கெடச்சிருச்சு. பியின்ஸின்பீ. நம்ம கைக்கு எட்டற வாடகைக்கு இப்பிடி ஒண்ணு எங்கயும் இல்ல. சீலிங்க மூணு படியா எறக்கியிருக்காங்க."

"ஸ்க்ரூ தல தெரியுதா?" என்றார் வீரப்பன். ஏணி மேல் நின்றுகொண்டு பேசினார்.

"ஒண்ணுகூடத் தெரியல. நான் ஏறித் தடவியே பாத்தேன்."

"அப்ப நல்ல வேலைதான். நம்ம அப்பாசாமி ஆளுங்க யாராச்சும் போட்டிருப்பாங்க. குடுத்துரு."

இங்கே மாத வாடகை என்பது பேச்சுக்குத்தான். ஆறு மாதத்தையும் மொத்தமாக முன்னால் வைத்தால்தான் சாவி கைக்கு வரும். அனு சேர்த்து வைத்தது, பருப்புக்கு வைத்திருந்த முதல், வீரப்பன் அப்பாசாமியிடம் கூலிக்கு முன்னதாக வாங்கியது, எல்லாம் சேர்ந்து வீட்டுக்காரி டாவ் மியா யீயின் கைப்பைக்குள் போனது. அந்தம்மா பஹானில் இருக்கிறவள். பணத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, சுவரில் ஆணி அடிக்காதீர்கள், சீலிங்கில் கை வைக்காதீர்கள் என்று இரண்டே நிபந்தனை சொன்னாள்.

சாமான் ஏற்றிய அன்று நல்ல மழை. கூலிக்காரர்கள் அலமாரியைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல் திணறினார்கள். ராதாமணி பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கி, அதன் நுனிக் கிளிப்பில் சில்லறைச் சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தாள். வீரப்பன் அனுவின் தொழிற்சாலை பஸ்ஸில், இங்கே அதை ஃபெரி என்பார்கள், அவளோடு வந்து இறங்கினார். வடைச்சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். மூன்றாம் மாடி தாண்டும்போதே அவருக்குப் படிக்கட்டு பிடிபட்டுவிட்டது. கைப்பிடிக் கம்பி ஒன்று உடைந்து, அதில் யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். ஏப்ரல் மாத வெயிலில் ஜிப்சம் போர்டை இந்தப் படிகளில்தான் சுமந்து ஏறினார். வேறு வீடாக இருக்கும், வேறு மாடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினார்.

உள்ளே வந்து அண்ணாந்தார். அவர் கை வேலைதான். சந்தேகமே இல்லை. மூன்றாவது படி பால்கனி மூலையில் ஒரு விரற்கடை அகலம் கூடி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அங்கே பீமின் வயிறு பிதுங்கியிருந்தது, அதற்காகக் கூட்டிப் போட்டார்.

ராதாமணி, எப்படி இருக்கிறது என்று முகம் முழுக்கச் சிரிப்போடு கேட்டாள். அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, படுக்கையெல்லாம் பின்னால் சமையல்கட்டுப் பக்கம் போடுங்கள் என்றார். முன்னறையை வந்தவர் போனவருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். வந்தவர் போனவர் என்று அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ராதாமணிக்குப் புகைந்தது. ஆசைப்பட்டுப் பிடித்த வீட்டில், ஆசைப்பட்ட அறையில் படுக்க விடாமல், எண்ணெய்ச் சட்டிக்கும் கக்கூசுக்கும் நடுவில் மூன்று பேரையும் வரிசையாகப் போட்டுவிட்டார். அனு பர்மியில் முணுமுணுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. மழை விடவில்லை. வேலையிலிருந்து வந்தால் முன்னறைக்குப் போய் அண்ணாந்து நிற்பதே அவருக்கு வேலையாக இருந்தது. விளக்கு ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். ராதாமணி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் வடைக்குப் பருப்பு நனைத்துவிட்டு வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்த நாளா மேலயே பாக்குறீங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த வரல. எவனோ செஞ்சது உங்க வேலையவிட நல்லா இருக்குன்னு வயித்தெரிச்சலா?"

"எவனோ இல்ல ராதா. நான் செஞ்சது."

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பார்த்ததும் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதானா என்று வாயெல்லாம் பல்லாகிவிட்டது. தன் புருஷன் கை வேலைக்குக் கீழே குடியிருக்கிறோம் என்று அந்தக் கொஞ்ச நேரம் அவள் அடைந்த பெருமையை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை, பாவமாக இருக்கிறது.

பிறகு வீரப்பன் சொன்னார். தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், அவருக்குத்தான் கழுத்து குனியாதே, சுவரைப் பார்த்தே சொன்னார். அந்தப் படிக்குள்ளே இருப்பது பீம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பல வருஷமாகக் கசிந்து ஊறிய பீம். பூகம்பத்தில் அதன் அடிப்பாகம் உதிர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே கம்பி செதில் செதிலாகத் துரு பிடித்துக் கிடந்தது. இவர் கை வைத்தபோது ஒரு துண்டு கையோடு வந்தது. அப்பாசாமியிடம் கேட்டார். மேஸ்திரி வந்து பார்த்தாயிற்று, நீ மூடு என்றார். மூடினார். பீம் பிதுங்கியிருந்ததால் பெட்டி வைத்து மறைக்க வேண்டியிருந்தது. வெறும் பெட்டியாக இருந்தால் எதையோ மறைத்தது போல இருக்குமே என்று படி வைத்து விளக்கும் வைத்தார்.

ராதாமணி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"மூடுறப்ப, இதுக்குள்ள யாரு வந்து இருப்பான்னு நெனச்சீங்க?"

"நெனைக்கல. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. டிரக் கீழ நிக்கும்."

"நெனச்சிருந்தா?"

வீரப்பன் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நெனச்சிருந்தாலும் மூடித்தான் இருப்பேன். நான் மாட்டேன்னா அப்பாசாமி வேற ஆள ஏத்திட்டுப் போவாரு."

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பருப்பை வடிகட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு வடையில் உப்பில்லை என்று இரண்டு கடையில் சொன்னார்கள்.

மறுநாள் அவள் மா பாமாவைக் கூட்டிக்கொண்டு பஹானுக்குப் போனாள். டாவ் மியா யீ திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. வெற்றிலை கொடுத்து உபசரித்தாள். அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் விரிசல் இல்லை, தன் மகனே இரண்டாம் மாடியில்தான் இருக்கிறான், அவ்வளவு பெரிய பூகம்பத்தில் விழாதது இப்போது விழுந்துவிடுமா என்று அமைதியாகக் கேட்டாள். வாங்கிய பணம் மாண்டலேயில் தம்பி வீட்டைக் கட்டப் போய்விட்டதாம். திருப்பித் தர வழியில்லை. உங்களுக்குப் பதிலாக ஆள் பிடித்து விட்டால், அவர்கள் தருவதை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். ஊரில் உள்ள வழக்கம்தான் அது. வீரப்பன் அப்பாசாமியிடமும் போய் நின்றார். "நீதானேய்யா மூடினே, எங்கிட்ட வந்து அழுவுறே" என்றார் அப்பாசாமி. முன்பணம் வாங்கி நிற்கிற ஆள் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

இரண்டு போர்டை வெட்டித் திறந்து, பீமுக்கு அடியில் முட்டுக்கட்டை நிறுத்தலாம் என்றார் வீரப்பன். கட்டை நின்றால் ஓரளவு தாங்கும். ராதாமணி ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டைய நிறுத்தினா எவ வந்து எட்டிப் பாப்பா? தெறக்கக் கூடாது. ஆள் வர்ற வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும்."

"வர்றவங்க?"

அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வியை அவரும் கேட்டிருக்க வேண்டாம்.

மா பாமா ஆட்களைக் கூட்டி வந்தாள். ஒருவருக்கு மாடி அதிகம். ஒருவருக்குத் தண்ணீர் மோட்டார் சரியில்லை. மழை கூடக்கூட, பால்கனி மூலையில் டீ சிந்தியது போல ஒரு கறை இறங்கியது. ஒருநாள் காலை மா பாமா போன் செய்து, தன்லியினிலிருந்து ஒரு பெண் வருகிறாள், நம்ம ஆள், தமிழ், நல்ல முடிவாக இருக்கும் என்றாள். ராதாமணி ஸ்டூலை எடுத்து வந்து கறைக்கு நேர் கீழே போட்டாள். வீரப்பன் ஸ்டூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பட்டி டப்பாவையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார். கறையைச் சுரண்டி, பட்டி இழுத்து, காய்ந்ததும் வெள்ளை அடித்தார். அவர் இறங்குகிற வரைக்கும் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் ராதாமணி.

வந்தவள் பெயர் ராணி. சின்னப் பெண். இடுப்பில் பல் முளைக்காத குழந்தை. புருஷன் மலேசியாவுக்குப் போயிருக்கிறான். முதல் முதலாக அனுப்பிய பணத்தோடு நகரத்துக்குள் வீடு பார்க்க வந்திருக்கிறாள். கம்பிக் கதவைத் தாண்டியதும் அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வை ராதாமணிக்குத் தெரிந்த பார்வை.

ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேட்டாள். மாடி ஏற முடியவில்லை என்று ராதாமணி சொன்னாள். தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டார் எப்படி என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ராதாமணி நல்ல பதிலாகவே சொன்னாள். சீலிங் அழகாக இருக்கிறது, யார் போட்டது என்று ராணி கேட்டாள். நாங்கள் வரும்போதே இருந்தது என்றாள் ராதாமணி. வீரப்பன் பால்கனியில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மா பாமா கைப்பையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ராணி பணக்கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு வீரப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சீலிங் வேல செய்யறவங்களாமே, மா பாமாக்கா சொன்னாங்க. போறதுக்கு முன்னாடி இங்க ஒரு கொக்கி மாட்டிக் குடுத்துருங்க. புள்ளைக்குத் தூளி கட்டணும்."

அவள் கை காட்டியது மூன்று படி இறங்கிய இடத்தை.

"இது வெறும் போர்டும்மா, தாங்காது," என்றார் வீரப்பன். "பின்னால ஜன்னல் கம்பியில கட்டிக்குங்க."

"அங்க காத்தே இல்லியேண்ணே. போர்டுல வேணாம். உள்ள பீம் இருக்குமில்ல, அதுல தொள போட்டு மாட்டிருங்க. இல்லாட்டி நான் ஆள் வெச்சுப் பாத்துக்கறேன்."

குழந்தை ராதாமணியைப் பார்த்துச் சிரித்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அது ஒன்றும் செய்யவில்லை. அம்மா தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. ராதாமணி குனிந்து பணக்கட்டை எடுத்தாள். எடுத்து ராணியின் பைக்குள் திணித்தாள்.

"இந்த வீடு வேணாம் தங்கச்சி. மேல பீம் ஒடஞ்சிருக்கு. இவருதான் மூடினாரு. நீ போயிரு."

மா பாமா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு, இனிமேல் என்னைக் கூப்பிடாதே மா ராதா என்று மட்டும் பர்மியில் சொல்லிவிட்டு, ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அனு அன்றைக்கு ஃபெரியிலிருந்து வந்து விஷயம் கேட்டதும் பையைத் தூக்கி எறிந்தாள். யாரோ ஒருத்தி பிள்ளைக்காக என் உழைப்பை எல்லாம் இடிந்த வீட்டில் புதைத்துவிட்டீர்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பென்ன?

மறுநாள் வீரப்பன் போர்டை வெட்டித் திறந்தார். மரக்கடையில் கடன் சொல்லி வாங்கிய இரண்டு கட்டைகளை முன்னறையில் பீமுக்கு நேர் கீழே நிறுத்தி, ஆப்பு வைத்து முடுக்கினார். வெட்டின இடத்தில் பீமின் எலும்பு தெரிந்தது. இனி அந்த வீட்டுக்கு ஆறு மாதம் முடிகிற வரை யாரும் வரப்போவதில்லை என்பது உறுதியாயிற்று. ராதாமணி வழக்கம்போல வடை போட்டாள். புகை தாராளமாக மேலே போய்ப் படிந்தது. அதைப் பற்றி இனி யாருக்குப் பயம்? ஆனால் அந்தப் புகைக்கு நடுவிலும் அவள் மனம் லேசாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருத்தியைக் காப்பாற்றினோம் என்று இருந்தது. புருஷனோடு பழையபடி பேச ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், ராணி வந்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும். கட்டைகளைப் பார்த்தாள், மேலே தெரிந்த துருக் கம்பியைப் பார்த்தாள், பயந்து குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வீரப்பன் சுவரோரம் உட்கார்ந்து தட்டை நெஞ்சோடு பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும் சொல்லலேன்னா இதுக்குள்ளதானேக்கா வந்திருப்பேன். ஒங்கள மறக்கவே மாட்டேன்," என்றாள் ராணி. வேறு வீடு கிடைத்துவிட்டதாம். மா பாமாவே காட்டினாளாம். "பின் தெருதாங்க்கா, கீழ கண்ணாடிக் கட. அதுவும் பியின்ஸின்பீ. சீலிங்கு இதவிட அழகு. நடுவுல வட்டமா குழிச்சு, சுத்திலும் லைட்டு. வீட்டுக்காரரே ஆள் வெச்சுத் தூளிக்குக் கொக்கி மாட்டிக் குடுத்துட்டாரு, அந்த வட்டத்துக்கு நடுவுல."

வீரப்பனின் கை தட்டிலேயே நின்றது.

வட்டம் போடுவது லேசான வேலையில்லை. போர்டின் முதுகைக் கீறி, நனைத்து, ஒடியாமல் பக்குவமாக வளைக்க வேண்டும். அப்பாசாமி ஆட்களில் அந்த வேலை ஒரே ஒருவருக்குத்தான் வரும். ராதாமணிக்கு அது தெரியும். பூகம்பத்துக்குப் பிறகு அவர் எதை மூடப் போனார் என்பதும் தெரியும். அவள் புருஷன் முகத்தைப் பார்க்காமலேயே இருந்திருக்கலாம், பார்த்துவிட்டாள். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் கட்டியாச்சா?" என்று கேட்டாள் ராதாமணி.

"ஆறு மாசமும் கட்டியாச்சுக்கா. அவரு அனுப்பினதுல மிச்சமே இல்ல. ஆனா நிம்மதி."

ராதாமணி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? சொன்னால் அவள் எங்கே போவாள், யாரிடம் கேட்பாள், யாரைத் தன் இடத்துக்குக் கூட்டி வருவாள் என்பதெல்லாம் இவளுக்கு மனப்பாடம். டீ குடித்துவிட்டுப் போ என்றாள். குழந்தைக்குப் பாலூட்டும் நேரமாயிற்று என்று ராணி எழுந்தாள். வாசல் வரை போய், ஒரு நாள் வீட்டுக்கு வரவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ராதாமணி பால்கனிக்குப் போனாள். ராணி தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தாள். குழந்தையின் கையைத் தூக்கி மேலே ஆட்டிக் காட்டினாள். ராதாமணியும் கையை ஆட்டினாள். அவள் சந்து திரும்பி மறைகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே வீரப்பன் மீதிச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.